மதுரை ரோட்டு மழைக்காடு

உலகெங்கும் மழைக்காடுகள் அழிகின்றன என்று பெரியவர்கள் எல்லோரும் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், மனித குலத்துக்கு ஆறுதலாக மழைக்காடு ஒன்று புதிதாகப் பிறந்திருக்கிறது. அமேசான், காங்கோ, போர்னியோ என்ற வரிசையில் இனி திண்டுக்கல்லின் பெயரும் ஒலிக்கும். அழைப்பிதழில் தங்க எழுத்தில் இப்படித்தான் அச்சடித்திருந்தார்கள். காடு இருந்த இடம் மதுரை ரோட்டில், டயர்க் கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நடுவே. ஏ.சி. உண்டு, கார் நிறுத்த இடம் உண்டு. மழை மட்டும் சேவுகம்பட்டிப் பக்கத்துக் கிணற்றிலிருந்து லாரியில் வந்தது.

காட்டின் உரிமையாளர் சாகுல் ஹமீது. பரம்பரையாகத் தோல் வியாபாரம் பார்த்த குடும்பம். அறுபதைத் தொட்டதும் மண்டியைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டுப் பிரியாணியில் இறங்கினார். "திண்டுக்கல்லுல பிரியாணிக் கடைக்கா பாய் பஞ்சம்?" என்று கேட்டவர்களிடம், "இது கடை இல்லப்பா, அனுபவம்" என்றார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. மெனு கார்டில் அமேசான் மட்டன் பிரியாணி, காங்கோ சிக்கன் பிரியாணி என்றெல்லாம் போட்டிருந்தாலும் அரிசி என்னவோ அதே சீரகச் சம்பாதான்.

காட்டை நட்டவர் சூசை. கிறிஸ்துமஸ் வந்தால் கோயில் கோயிலாகப் போய்க் குடில் கட்டுகிறவர். காக்கித்தாளைக் கசக்கி மலை செய்வார், பஞ்சைப் பிய்த்துப் பனி செய்வார். அவர் கையில் பிளாஸ்டிக் மரங்கள் கூரையை முட்டி நின்றன, கொடிகள் தொங்கின, சிமெண்டுப் பாறையிலிருந்து மோட்டார் போட்டால் அருவி விழுந்து ஃபைபர் குளத்தில் சேர்ந்தது. எல்லாம் முடிந்த அன்று பார்த்தால், ஒரு மூலையில் வெள்ளை வெளேரென்று இரண்டு ஆட்டுக்குட்டிகள் நின்றன.

"ஏம்ப்பா சூசை, மழைக்காட்டுல ஆடு ஏது?"

"கைப்பழக்கம் பாய், தானா வந்துருச்சு. நிக்கட்டும் விடுங்க. பிரியாணிக் கடைதான?"

ஆடுகள் நின்றுவிட்டன. ஆனால் தவளை விஷயத்தில் சாகுல் ஹமீது விட்டுக்கொடுக்கவில்லை. சீனாவிலிருந்து வந்த ரப்பர் தவளைகள், உடம்பு பச்சை, விரல் இடுக்கில் சிவப்புச் சவ்வு. அவற்றைக்கூட ஆள் உயரத்துக்கு மேலேதான் ஒட்ட வேண்டும் என்றார். கீழே வைத்தால் பிள்ளைகள் பிய்த்துவிடுமாம். "எதுக்கு பாய் ரப்பரு? குளத்துல நாலு நெசத் தவளையைப் பிடிச்சு விட்டா தத்தித் தத்தி ஓடுமே" என்று சூசை சொன்னதுதான் தாமதம், முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது.

"மூச்சு விடாத. வனச் சட்டம்னா என்னன்னு தெரியுமா உனக்கு? தூக்கி உள்ள வச்சிருவாய்ங்க."

தோல் மண்டி நடத்திய நாளில் எந்தச் சட்டத்துக்கும் இவர் இம்புட்டு மரியாதை கொடுத்ததாகச் சூசைக்கு நினைவில்லை. இருந்தாலும் பெரிய மனிதர்கள் வயதாக ஆகத் திருந்துவது உண்டு என்று எடுத்துக்கொண்டார்.

இந்தக் காடு எதற்காக என்று ஊருக்குத் தெரியாது. வீட்டில் குர்ஷித் பேகத்துக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரே மகள், ருக்சானா. விலங்கியல் படித்தவள், படிப்பு முடிந்ததும் வால்பாறை மலைக்கு ஆராய்ச்சிக்குப் போய்விட்டாள். ஆராய்ச்சி, மரத்திலேயே குடியிருக்கும் ஒரு தவளையைப் பற்றி. மழைக்காட்டு மரங்களின் உச்சியில் இலையோடு இலையாக ஒட்டிக் கிடக்கும். கைகால் விரல்களை விரித்தால் சிவப்புச் சவ்வு குடை மாதிரி விரியும். மரத்துக்கு மரம் காற்றில் மிதந்து போகும். மழை பிடித்ததும் தண்ணீருக்கு மேலே தொங்கும் இலையில் நுரை அடித்துக் கூடு கட்டி, அதற்குள் முட்டையிடும். இதையெல்லாம் அவள் மூச்சு வாங்கச் சொன்ன அன்று, சாகுல் ஹமீது நாற்காலியில் இருந்த இரண்டு காலையும் மேலே தூக்கி மடக்கிக்கொண்டு கேட்டிருந்தார்.

"தோல் மண்டிக் குடும்பத்துப் பொண்ணு தவளை பின்னாடி போறதா? போறதுன்னா போ. நீயா இறங்கி வர்ற வரைக்கும் நான் அந்த மலையில கால் வைக்க மாட்டேன். இது என் வாக்கு."

வாக்கு வீட்டுச் சுவருக்குள் நிற்கவில்லை. பேகம்பூர் டீக்கடைகளில் அது நன்றாக ஓடியது. "வைராக்கியம்னா சாகுல் பாய்தான்யா. பெத்த மகன்னு பாக்கல, மகள்னு பாக்கல" என்றார்கள். மகன் அவருக்கு இல்லை என்பது யாருக்கும் குறையாகப் படவில்லை. அவரும் அந்தப் பேச்சைச் சால்வையைப் போலப் போர்த்திக்கொண்டு ஆறு வருஷம் நடமாடினார். குர்ஷித் பேகம்தான் தூக்குவாளியும் மாற்றுப் புடவையுமாக மலை ஏறி மகளைப் பார்த்துவிட்டு வருவார். ருக்சானா பெருநாளுக்கு வந்தால் பையைக்கூடப் பிரிக்க மாட்டாள். மேலே இருப்பதை எடுத்துக் கட்டிக்கொண்டு, இரண்டாம் நாள் கிளம்பிவிடுவாள். கிளம்பும்போது தவறாமல் ஒன்று சொல்வாள்.

"ஒரே ஒரு தடவை வாங்கத்தா. டார்ச் அடிச்சு மரத்துல காமிக்கிறேன். அம்புட்டு அழகு."

சாகுல் ஹமீது மின்விசிறியைப் பார்ப்பார். "சொன்ன சொல் சொல்தான்" என்பார். அவள் போனில் அனுப்பும் படங்களை மனைவி நீட்டும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மாஷா அல்லாஹ், நல்லாருக்கு" என்று சொல்லி உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

மகள் மலையை விட்டு வரமாட்டாள் என்றால் மலைக்காட்டை ரோட்டோரத்துக்குக் கொண்டுவந்துவிடுவது. அதுதான் திட்டம். "பாத்துட்டு அவளே சொல்லுவா பாரு, இனி எதுக்கத்தா வால்பாறைன்னு" என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். குர்ஷித் பேகம் வாய்க்குள் ஏதோ சொன்னார். அது துஆ மாதிரியும் இருந்தது, வேறு மாதிரியும் இருந்தது.

திறப்பு விழாவுக்கு முதல்நாள் சாயங்காலம் ருக்சானா வந்து இறங்கினாள். ஐப்பசி மழை அந்த வாரம்தான் பிடித்திருந்தது. வாசல் தண்ணீரைத் தாண்டி, அத்தாவும் அம்மாவும் முன்னால் நடக்க, காட்டுக்குள் நுழைந்தாள். சூசை ஓடிப்போய் அருவியைத் திறந்துவிட்டார். ஸ்பீக்கரில் தவளைகள் கத்தின.

ருக்சானா ரப்பர் தவளைகளை அண்ணாந்து பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அத்தா, இந்த ஆடு?"

"அது சூசை."

"சரி. இது எந்த ஊரு தவளைச் சத்தம்?"

"அமேசான்."

"நடுவுல காக்கா கத்துதே."

"அமேசான்ல காக்கா இருக்காதா?" என்றார் சாகுல் ஹமீது. குர்ஷித் பேகம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

ருக்சானா சிரிக்கவில்லை. "ரொம்ப சிரமப்பட்டிருக்கீங்கத்தா" என்றாள். கல்யாண வீட்டில் உப்பில்லாத சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வெளியே வருகிறவர்கள் சொல்வதைப் போல இருந்தது அது. அவருக்குச் சுருக்கென்றது. அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டாள்.

திரும்பியவள் குளத்தின் ஓரத்தில் நின்றாள். தண்ணீருக்கு மேலே தொங்கிய பிளாஸ்டிக் இலை ஒன்றில், கைப்பிடி அளவுக்கு வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது, சோப்பு நுரையைப் பிடித்து வைத்ததுபோல.

"அத்தா! யாரும் கைய வச்சிராதீங்க!"

சாகுல் ஹமீதுக்குக் கை வைக்கும் எண்ணமே இல்லை. அவர் அதற்குள் கல்லாப்பெட்டி மேசை வரை போயிருந்தார்.

"நுரைக்கூடு. நம்ம ஊரு மரத்தேரை கட்டினது. அந்தா பாருங்கம்மா, இலைக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருக்கா பாருங்க, காப்பிக் கலர்ல. எங்க பறக்குற தவளைக்கு இவ சித்தி மக முறை." ருக்சானா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பிளாஸ்டிக்னு இதுக்குத் தெரியல பாத்தீங்களா? மேல எலை இருக்கு, கீழ தண்ணி இருக்கு, இது காடுதான்னு நம்பிருக்கு. அத்தா, உங்க காட்டை நம்பி ஒரு உசுரு குடி வந்துருச்சு!"

ஆறு வருஷத்தில் அவள் குரல் அவரிடம் இப்படித் திரும்பியதில்லை. 

"அம்புட்டுத் தூரத்துல நின்னா என்ன தெரியும்? கிட்ட வாங்க."

"இங்கேருந்தே நல்லாத் தெரியுதும்மா."

"நாலஞ்சு நாள்ல குஞ்சு பொரிச்சு, சொட்டுச் சொட்டா தண்ணியில விழும். நான் லீவு சொல்லிர்றேன். அது விழுற வரைக்கும் இங்கதான் இருப்பேன். அப்புறம் வாலு போயி காலு முளைச்சு மரம் ஏறுற வரைக்கும் வாரா வாரம் வாரேன். சரியா?"

குர்ஷித் பேகம் கணவரைப் பார்த்தார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அந்த மனிதர் ஆறு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை இதுதான். காடு பலித்துவிட்டது. சாகுல் ஹமீது தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் வாழ்நாளில் தவளையைப் பற்றிய முதல் கேள்வியைக் கேட்டார்.

"எத்தன குஞ்சும்மா வரும்?"

அத்தா கேள்வி கேட்டுவிட்டார் என்ற சந்தோஷத்தில் அவள் முகம் மலர்ந்தது. "நூத்துக்கணக்குல வரும்த்தா! கடை முழுக்க ஏறி உக்காந்திருக்கும் பாருங்க! சாப்பிடுறவுக தோள்ல, கல்லாவுல, எங்க பாத்தாலும்!"

சாகுல் ஹமீது மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "சந்தோஷம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ருக்சானா பையைப் பிரித்தாள். உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, தன் பழைய பீரோவில் அடுக்கினாள். அந்தப் பீரோக் கதவு திறக்கும் சத்தத்தைக் கேட்டே நாளாகியிருந்தது. சாப்பிடும்போது, "அத்தாவுக்கு இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் வைங்கம்மா, இளைச்சுட்டாக" என்றாள். அவர் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார். ஏன் இவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று குர்ஷித் பேகம் யோசித்தார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

மறுநாள் சுபுஹு தொழுகை முடிந்ததும் சாகுல் ஹமீது வீட்டுக்குத் திரும்பவில்லை. நேராகக் காட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்தார். மழைக் கோட்டை மாட்டி, தலையில் துண்டை இறுக்கிக் கட்டி, பேண்டின் காலைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டார். ஒட்டடைக் குச்சியோடு இன்னொரு மூங்கிலை வைத்துக் கட்டி நீளமாக்கினார். கிடைத்ததிலேயே தூரமான மேசையின்மேல் ஏறி நின்று, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, குச்சியை நீட்டித் துழாவினார். மூன்றாவது துழாவலில் நுரை பிய்ந்து குளத்தில் விழுந்தது. அடைப்பானைத் திறந்துவிட்டார். குளத்துத் தண்ணீர் அத்தனையும் சாக்கடைக்குப் போயிற்று. இலைக்கு அடியில் இருந்தது ஒரே தாவாகத் தாவி எங்கோ ஒட்டிக்கொண்டது. அந்தத் தாவலுக்குப் பிறகு ஒரு மேசை கவிழ்ந்து கிடந்தது. மழைக்காட்டின் உரிமையாளர் ரோட்டில் நின்றிருந்தார்.

ரோட்டில் நின்ற செத்த நேரத்தில் காரணங்கள் வரிசையாக வந்தன. இது சாப்பாட்டு இடம். நுரை தலைமை விருந்தினரின் தட்டில் சொட்டியிருந்தால் என்ன ஆவது? சுகாதாரத்துறை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? நாலு பேர் வந்து போகிற இடத்தில் ஒரு கௌரவம் வேண்டாமா? பொழுது விடிந்தபோது இத்தனையையும் அவர் நம்பியிருந்தார். நெஞ்சுக்குள் மட்டும் பீரோக் கதவு திறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

விழா பத்து மணிக்கு. சமவெளி வணிகர் பேரவையின் ஆயுள்காலத் தலைவர் ஆவுடையப்பன் ரிப்பன் வெட்டினார். அந்தப் பேரவையில் தலைவரைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள் என்பது இன்றுவரை வெளியே வரவில்லை. ஆள் உயர மாலையோடு மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் காட்டிலே ஓர் இலை வாடாது! ஓர் இலை உதிராது! இது என் உறுதி!" என்றார். பிளாஸ்டிக் இலைகள் அசையாமல் கேட்டன. "நம்முடைய சாகுல் பாய் எப்படிப்பட்டவர்? இயற்கையின் காவலர்! ஓர் ஈ எறும்புக்கு, ஏன், ஒரு தவளைக்குக்கூடத் தீங்கு நினைக்காத உள்ளம்!"

கைதட்டல் எழுந்தது. கைதட்டாதவள் ருக்சானா ஒருத்திதான். அவள் குளத்தின் ஓரத்தில் நின்றாள். குளத்தில் புதுத் தண்ணீர் பளபளத்தது. மேலே இலை துடைத்துவிட்டதுபோல இருந்தது.

"சூசைண்ணே, இங்க இருந்தது எங்க?"

"சத்தியமா நான் தொடல தாயி. காலையில வந்து பாத்தா கொளமே காலியா கெடந்துச்சு."

அவள் சுற்றிலும் பார்த்தாள். கல்லாவுக்குப் பின்னால் சாத்தியிருந்த நீள மூங்கிலின் நுனியில், வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விருந்தினர்கள் பிரியாணிக்கு உட்காரும் வரை பொறுத்திருந்து, அத்தாவிடம் வந்தாள்.

"யாரத்தா?"

சூசையின் பெயர் அவர் நாக்கு வரை வந்தது. அதை விழுங்கிவிட்டார், அந்த அளவுக்கு நல்ல மனிதர்தான். "நான்தான். சாப்பாட்டுக் கடைம்மா இது. சுத்தம்தான் மொதல்ல. நாலு பெரிய மனுசங்க வர்ற இடத்துல..."

"ஒரு கிண்ணத்துல வழிச்சு எங்கிட்ட குடுத்திருந்தா வீட்ல வச்சு வளத்திருப்பேனே. ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். அது அவர் வாயருகே வந்து நின்றது. அந்தச் சமயம் பார்த்து ஆவுடையப்பன், "பாய், பிரியாணி பிரமாதம், லெக் பீஸ் இன்னொண்ணு சொல்லுங்க" என்று குரல் கொடுத்தார். சாகுல் ஹமீது தோளில் சரிந்த பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார்.

"எனக்குத் தெரியும்த்தா" என்றாள் ருக்சானா. "உங்களுக்குக் கௌரவம்தான் பெருசு. எப்பவுமே."

அவர் இல்லை என்று சொல்லவில்லை.

பீரோவில் அடுக்கியதெல்லாம் மத்தியானமே பைக்குள் போய்விட்டது. குர்ஷித் பேகம் கணவரோடு பேசாமல் பொட்டலம் கட்டினார். பஸ் ஸ்டாண்டுக்கு மூவரும் போனார்கள். பொள்ளாச்சி வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. சாகுல் ஹமீது ஜன்னலுக்குக் கீழே நின்றார். ஒரே ஒரு தடவை வாங்கத்தா என்று அவள் சொல்வாள். இந்த முறை மின்விசிறியைப் பார்க்கக் கூடாது, பார்க்க இங்கே மின்விசிறியும் இல்லை என்று நினைத்துக்கொண்டார். அவள் அம்மாவிடம், "மூட்டுவலித் தைலத்தை மறக்காமத் தேய்ங்க" என்றாள். அத்தாவிடம், "வாரேன்" என்றாள். வண்டி போய்விட்டது.

காடு நன்றாகவே ஓடுகிறது. மழைக்கால மாலைகளில் மரங்களுக்கு நடுவே எங்கிருந்தோ டக் டக் டக் என்று கட்டையைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். ஸ்பீக்கர் ரொம்ப ஒரிஜினல் என்று சாப்பிடுகிறவர்கள் பாராட்டுவார்கள். உரிமையாளர் கல்லாப்பெட்டியைத் தூக்கி வெளியே, வாசல் தகரக் கொட்டகைக்குக் கீழே போட்டுக்கொண்டார். உள்ளே காற்றோட்டம் போதவில்லை என்றார். ஏ.சி.க்குள் என்ன காற்றோட்டம் என்று சூசை கேட்கவில்லை.

பெருநாள் வந்தது. ருக்சானா வரவில்லை. வேலை என்றாள். அன்று இரவு சாப்பாட்டின்போது குர்ஷித் பேகம் தட்டைத் தள்ளி வைத்தார்.

"வாக்காம் வாக்கு. ஊர்க்காரன் டீக்கடையில பேசுறதுக்காகப் பெத்த பிள்ளைய விடுவீங்களா? ஒரு நடை போயிட்டு வந்தா உங்க தலையில இருக்க கிரீடமா விழுந்துரும்?"

சாகுல் ஹமீது அடுத்த வாரமே கிளம்பினார். மகளுக்குப் பிடித்த தம்ரூட் இனிப்பும் பிரியாணியும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டார். பழனி தாண்டி, பொள்ளாச்சி போய், வால்பாறை வண்டியிலும் ஏறி உட்கார்ந்துவிட்டார். டிக்கெட்டும் வாங்கிவிட்டார். அவளிடம் என்ன சொல்வது என்றுகூட வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். ஆழியாறு அருகே, மலை ஏறும் முன் வண்டி செத்த நேரம் நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியின் வெளிப்புறத்தில், அவர் முகத்துக்கு நேராக, பச்சையாக ஏதோ வந்து ஒட்டியது. இலையாகவும் இருக்கலாம். அவர் நின்று பார்க்கவில்லை. தூக்குவாளியை இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கி, எதிரே வந்த வண்டியில் ஏறிவிட்டார்.

"அடிவாரம் வரைக்கும் போனேன். சொன்ன சொல் ஞாபகம் வந்துருச்சு, திரும்பிட்டேன்" என்று வீட்டில் சொன்னார். குர்ஷித் பேகம் அன்றோடு அந்தப் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டார். செய்தி பேகம்பூருக்குப் போயிற்று. மலையடிவாரம் வரை போயும் மனம் இளகாத மனிதர் என்று டீக்கடைகளில் அவருடைய வைராக்கியம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

சாகுல் ஹமீதுக்குத் தவளை என்றால் பயம்.